புற்றுக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் வைரஸ் மரபணு

மாணவர்களே, புற்றுநோய் மருந்தால் முடி ஏன் கொட்டுகிறது? வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அது தாக்குகிறது. முடிவேரின் உயிரணுக்களும் வேகமாகப் பெருகுபவையே. அப்படியானால், கட்டியை மட்டும் மருந்துக்கு இரையாக்க முடியுமா?

ஹெர்பிஸ் வைரஸிடம் தைமிடின் கைனேஸ் என்ற நொதி உண்டு. அது கான்சைக்ளோவிர் என்னும் மருந்துடன் முதல் பாஸ்பேட்டை இணைக்கிறது. மேலும் இரண்டை நம் உயிரணுவின் நொதிகளே இணைத்துவிடும். உடனே மருந்து, டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்போல் வேடமிட்டு உள்ளே நுழைந்து, நகலெடுப்பைக் குலைக்கும், உயிரணு மடியும். வைரஸ் நொதி இல்லாத உயிரணுவில் இம்மருந்து பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும்.

1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்நொதிக்கான மரபணுவை எலிகளின் மூளைக்கட்டிக்குள் செலுத்தினர். அதைச் சுமந்து சென்ற ரெட்ரோவைரஸ், பெருகும் உயிரணுக்களில் மட்டுமே மரபணுவைச் சேர்க்கும். நரம்பணுக்கள் பெருகுவதில்லை, ஆகவே தப்பின. பிறகு மருந்து கொடுத்ததும் பல எலிகளில் கட்டி மறைந்தது. மரபணு கிடைக்காத புற்றணுக்கள்கூட மடிந்தன. செயல்பெற்ற மருந்து அண்டை உயிரணுக்களுக்கும் பரவியதே காரணம்.

மனிதர்களிடம் பலித்ததா? 2000இல் வெளிவந்த, 248 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மரபணு மிகச் சில புற்றணுக்களையே சென்றடைந்தது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மருந்து தயார், அதைத் தூண்டும் மரபணுவைக் கட்டி முழுவதும் சேர்ப்பதே சிக்கல்.

சிந்தியுங்கள்: நீங்கள் ஆய்வாளராக இருந்தால் எப்படிச் சேர்ப்பீர்கள்?