கல்லாய் இறுகும் பிரேக் மிதி: காரணம் அறியும் முறை

நூல் பொதிகளை ஏற்றவும் காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் பழைய வண்டியொன்றை வைத்திருக்கும் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கென இப்பாடத்தை எழுதுகிறோம். ‘பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிட்டது, எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது’ என்று ஓட்டுநர் வந்து கூறுவாராயின், ‘அடுத்த நடை போய்வந்த பின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிர்வாகிகள் சொல்லிவிடலாகாது. அவ்வண்டியில் சரக்கோடு சுமை தூக்கும் தோழர்களும் அமர்ந்து செல்கிறார்கள் அல்லவா?

மிதி பஞ்சு போல் அமிழ்வது வேறு நோய். பிரேக் ஆயிலில் காற்றுப் புகுந்ததையோ, ஆயில் கசிவதையோ அது காட்டும். பெரிய லாரிகளின் காற்று பிரேக்கும் இப்பாடத்தில் சேராது. மிதி இறுகுவதை மட்டுமே இங்கு ஆராய்வோம்.

மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே தகட்டாலான வட்டமான கலம் ஒன்று உண்டு. அதுவே பூஸ்டர். அதன் உட்புறத்தை டயாபிரம் என்னும் ரப்பர்த் திரை இரு அறைகளாகப் பிரிக்கிறது. மிதிக்காதபோது இரு அறைகளிலும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் நிலவும். மிதித்தவுடன் ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையை முன்னே தள்ளுகிறது. திரையின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 490 சதுர சென்டிமீட்டர் ஆகும். வெற்றிடம் 500 மில்லிமீட்டர் பாதரச அளவு இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.68 கிலோ வீதம், மொத்தம் 330 கிலோ அளவுக்கு உந்துவிசை கிடைக்கிறது. இத்துணை உதவியும் நின்றுபோகும்போது ஓட்டுநரின் கால் மட்டுமே எஞ்சுகிறது. பிரேக் அற்றுப்போகவில்லை, ஆனால் அதனை இயக்கப் பன்மடங்கு பலம் வேண்டியிருக்கிறது.

வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில், காற்று உட்செல்லும் குழாயிலேயே உறிஞ்சும் சக்தி உண்டு. பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் அது போதாது. ஆகவே தனியாக ஒரு வேக்குவம் பம்பு வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டு, ஒரே பெல்ட்டினால் சுழல்கிறது. எனவே மிதி இறுகுவதோடு பேட்டரி சார்ஜ் விளக்கும் எரியுமாயின், வேறெதையும் கழற்றுமுன் பெல்ட்டைப் பாருங்கள். இவ்வகைப் பம்புக்கு எஞ்சின் ஆயில் செல்லும் சிறு குழாய் அடைபட்டாலும் பம்பு விரைவில் தேய்ந்துவிடும்.

கருவி எதுவுமின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். முதலில், எஞ்சின் ஓடாத நிலையில் மிதியை ஐந்தாறு முறை மிதித்துப் பூஸ்டரில் தங்கிய வெற்றிடத்தைத் தீர்த்துவிடுக. பின்பு காலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புக. மிதி சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையெனில் உதவி கிடைக்கவில்லை என்பது உறுதி. நமது அனுபவத்தில் இவ்வொன்றே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

இரண்டாவதாக, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சிறிது பொறுத்து மிதியுங்கள். முதல் மிதி ஆழ்ந்து செல்லவும், அடுத்தடுத்த மிதிகள் மேலே மேலே நிற்கவும் வேண்டும். முதல் மிதியே இறுகியிருப்பின் வெற்றிடம் தங்கவில்லை; ஒருவழி வால்வோ குழாயோ பூஸ்டரோ கசிகிறது. மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போதே மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்துக. அரை நிமிடம் வரை மிதி காலைத் தூக்காது நிற்க வேண்டும். மிதி மேலெழும்பினாலும், மிதித்திருக்கும் வரை ‘உஸ்’ என்ற ஓசை ஓயாது கேட்டாலும், பூஸ்டரின் உள்ளேயே கோளாறு எனச் சந்தேகிக்கலாம்.

உதவி கிடைக்கவில்லை என்றவுடன் ‘பூஸ்டரை மாற்று’ என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால், உறிஞ்சும் வேகம் உடனே தெரியும். உறிஞ்சவில்லையெனில் குற்றம் பூஸ்டருடையதன்று. பம்பையோ குழாயையோ பார்க்க வேண்டும். எண்ணெய்பட்டு ஊறிய குழாய் வெளியே நன்றாகத் தோன்றினும், உள்ளே உரிந்து வழியை அடைத்துவிடுவதுண்டு. ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பார்க்கலாம்: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று செல்ல வேண்டும், எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் செல்லலாகாது. குழாயும் வால்வும் சிறு செலவில் முடிபவை, பூஸ்டர் அவ்வாறன்று. சங்கத்தின் பணத்தைச் செலவிடுவோர் இவ்வரிசையைக் கைவிடலாகாது.

உறிஞ்சும் சக்தி நன்றாயிருந்தும் முதற் சோதனையில் மிதி இறங்காவிடில், அப்போதுதான் பூஸ்டரைக் குறை கூறலாம். வெளியே கசிவு எதுவுமின்றிப் பிரேக் ஆயில் குறைந்து வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்புற வாஷர் தேய்ந்து ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் மாஸ்டர் சிலிண்டரைச் சீர்செய்யாமல் புதிய பூஸ்டரை மட்டும் மாட்டினால், அதுவும் சில காலத்தில் கெடும்.

மூன்று சோதனைகளிலும் பூஸ்டர் தேறிவிட்டதா? அப்படியாயின் சக்கரங்களிடம் செல்ல வேண்டும். பளபளத்துப்போன லைனிங், துருப்பிடித்து அசையாத வீல் சிலிண்டர், உட்புறம் வீங்கிய பிரேக் குழாய் ஆகியவையும் இறுகிய மிதியைத் தரும். பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர்ப் பாகங்கள் யாவும் ஊதிப்போகும்.

நீலகிரி விவசாயிகளுக்கு ஒன்று கூற வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் 760 மில்லிமீட்டராக உள்ள காற்றழுத்தம் அங்கே சுமார் 580 ஆகக் குறைகிறது. எனவே குற்றமற்ற பூஸ்டரும் அங்கே ஏறத்தாழக் கால் பங்கு குறைவாகவே உதவும். அதைக் கண்டு பூஸ்டரைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த பம்பு, மேட்டுப்பாளையம் சந்தைக்குக் குன்னூர் வழியாகக் காய்கறி ஏற்றி இறங்கும் சுமார் 50 கிலோமீட்டரில்தான் தன் குறையைக் காட்டும்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். பூஸ்டரில் தங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிக்கே போதும். நான்காவது கொண்டை ஊசி வளைவில் மிதி கல்லாகிவிடும். சில லிட்டர் டீசலுக்காக இதைச் செய்யச் சொல்லும் நிர்வாகி எவரேனும் இருப்பின், அவரை முன் இருக்கையில் அமர்த்தி ஒருமுறை அழைத்துச் செல்வது நலம். எஞ்சின் ஓடும்போதே கியரில்தான் இறங்க வேண்டும். அவ்வாறு இறங்கியும் லைனிங் சுட்டுப் பிரேக் பிடிக்காவிடில், ஓரமாக நிறுத்தித் தானே ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றலாகாது.

பூஸ்டர் புதிதாய்ப் பொருத்தப்பட்டால், அதற்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தள்ளுகம்பியின் நீளத்தை மெக்கானிக் அளந்தாரா என்று கேளுங்கள். அது சற்றே நீண்டிருந்தாலும் பிரேக் முழுதும் விடுபடாது. சரக்கேற்றாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிச் சூட்டை ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பட்டறையின் பில்லில் கையெழுத்திட வேண்டும்.