சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில்: குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மூன்று நான்கு இரவுகளில் திரும்பும் கப்பல் பயணம் இப்போது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. அப்பாவின் அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை லீவு என்று ஏதாவது ஒரு காரணம். நானும் மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வந்தேன். கப்பல் கிளம்பிய பிறகு மறந்ததை வாங்க முக்குக் கடை கிடையாது. பிடிக்காத அறையை மாற்றுவதும் கஷ்டம். அதனால் பாதிக் குறிப்புகள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை.

1. விசாவை முதலில் பாருங்கள். விமானத்தில் சிங்கப்பூருக்குள் ஒருமுறை நுழைகிறீர்கள். கப்பலில் வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று தேதியோடு சரிபாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால் கப்பல் நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். "அந்த ஊரில் நாங்கள் இறங்கப்போவதில்லை" என்றாலும், அந்த நாட்டுக்கான ஆவணம் இல்லாதவர்களைப் பல கப்பல்கள் ஏற்றுவதில்லை.

2. கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்கும் விமானம் வேண்டாம். முந்தின நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது. திரும்பும்போதும் பிற்பகலுக்கு மேல் உள்ள விமானமே நிம்மதி.

3. அறையைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் தளவாரியான வரைபடம் இணையத்தில் இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அதிகம். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும்படி பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். காலடியில் நடன அரங்கம் என்றால் நள்ளிரவு வரை தூக்கம் வராது. இந்தக் கப்பல்களில் பல 300 மீட்டருக்கும் அதிக நீளம். கடைக்கோடி அறையிலிருந்து சாப்பாட்டுக்கு வருவதே முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு நடை, ஆகவே பெரியவர்களுக்கு லிஃப்ட் பக்கத்து அறை.

4. ஜன்னலா, பால்கனியா? இளவட்டங்கள் அறைக்குத் தூங்க மட்டுமே வருவார்கள். அவர்களுக்கு ஜன்னலில்லாத உள்ளறை தாராளம். அதிகம் நடக்க முடியாத பெரியவர் இருந்தால் கூடுதல் பணம் கொடுத்துப் பால்கனி எடுங்கள் என்றுதான் சொல்வேன். என் மாமியார் மலாக்கா நீரிணையில் வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களை எண்ணிக்கொண்டே பகல் முழுக்கப் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விலை குறைந்த கடல்பார்வை அறை கண்ணில் பட்டால், "பார்வை மறைக்கப்பட்டது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இரவில் எழுந்திருக்கும் பெரியவர்களுக்காகச் சின்ன பேட்டரி விளக்கு ஒன்றைப் பாத்ரூம் வாசலில் வையுங்கள். பல கப்பல்களில் அந்த வாசலில் காலைத் தடுக்கும் உயரப்படி உண்டு.

5. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். நுழைவாயில் ஸ்கேனரில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஊதுபத்தி, சூடம், எண்ணெய் விளக்கும் கூடாது. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து இல்லை. இதில் அவர்கள் கண்டிப்பாக இருப்பது நம் நல்லதுக்கே. சாமி படத்தோடு பேட்டரி அகல் ஒன்று எடுத்துப்போனால் பெரியவர்களுக்குக் குறை தெரியாது.

6. வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கடையில் விற்கும், சீல் பிரிக்காத பருப்புப்பொடி, தொக்கு, முறுக்கு பாக்கெட்டுகளுக்கு அநேகமாகத் தடை சொல்வதில்லை.

7. பாத்ரூமில் கைக்குழாய் இருக்காது. சின்ன பிளாஸ்டிக் மக் ஒன்றை மறக்காமல் எடுத்துவையுங்கள். கழிவறை காற்றழுத்தத்தில் உறிஞ்சும் வகை. ஈரத்துணி, நாப்கின், சாப்பாட்டு மிச்சம் எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும், பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து.

8. துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். பாஸ்போர்ட், பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், ஒரு மாற்றுடை, பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நீச்சலுடை கையில் இருந்தால் முதல் மதியமே குளத்தில் இறங்கலாம். அப்போதுதான் கூட்டம் குறைவு.

9. பாதுகாப்பு ஒத்திகையைத் தட்டிக் கழிக்காதீர்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914-ல் கடல் பாதுகாப்புக்கென்று முதல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதி கோஸ்டா கான்கார்டியா சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். அபாயச் சங்கு ஏழு முறை குறுக்கமாக, ஒரு முறை நீளமாக ஊதும். நீங்கள் கூடவேண்டிய இடத்தின் எண் அறை அட்டையில் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவையுங்கள். அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக ஒருமுறை குடும்பமாக நடந்து பாருங்கள். சின்னக் குழந்தை இருந்தால் அதன் அளவுக்கு உயிர்காப்பு உடை கேட்டு வாங்கி வையுங்கள்.

10. சாப்பாடு. சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள்; முதல் நாள் இரவு பெரிய சாப்பாட்டுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் மறுபடி நேரில் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியர்கள் அதிகம் என்பதால் பருப்பு, சப்பாத்தி, சாதம், தயிர் கிடைத்துவிடும். பஃபேயில்தான் கவனம் வேண்டும். பார்க்க வெறும் கீரை வதக்கலாக இருக்கும், அதில் சிப்பிச் சாறோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்காமல் "மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை இல்லாததா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டின்போதே மறுநாளுக்கு வேண்டியதைச் சொல்லிவைத்தால் தனியாகச் செய்து தரும் வழக்கமும் பல கப்பல்களில் உண்டு. எங்களுக்கு இரண்டாம் நாளே கடுகு தாளித்த தயிர்சாதம் வந்தது.

11. சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் ஆல்கஹால் சானிடைசருக்குச் சரியாகச் சாவதில்லை. சாப்பிடும் முன் சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவதே மருந்து. பஃபே கரண்டியைத் தொட்டு எடுத்துவந்த பிறகும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

12. கடல் குமட்டலுக்கு மாத்திரை, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டால்தான் கேட்கும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடக்கூடாது. தலை சுற்றினால் படுத்துக்கொண்டு மொபைல் பார்க்காமல், திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் அடங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் அலையில்லை. புக்கெட்டை நெருங்கும்போது, அதிலும் மே முதல் அக்டோபர் வரை, ஆட்டம் தெரியும்.

13. கப்பலில் ஏறியதும் மொபைலை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும்; அதன் கட்டணம் சாதாரண ரோமிங் பேக்கில் சேராது. வீட்டில் இருப்பவர்களிடம் "இரண்டு நாள் பேச முடியாது" என்று முன்பே சொல்லிவிட்டால் இரு பக்கமும் கவலையில்லை.

14. செலவுக் கணக்கைத் தினமும் பாருங்கள். அறை, அடிப்படைச் சாப்பாடு, நிகழ்ச்சிகள் டிக்கெட்டில் அடக்கம். குளிர்பானம், சிறப்பு உணவகம், இன்டர்நெட், போட்டோ எல்லாம் தனி. டிப்ஸ் என்று ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பல நிறுவனங்கள் கணக்கில் தாமாகவே ஏற்றும், குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர், மூன்று இரவு என்றால் 200 டாலரை ஒட்டி வரும். இதைச் சேர்த்துத்தான் டிக்கெட் மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் அறை அட்டையில் வாங்கும் வசதியை முதல் நாளே கவுண்டரில் சொல்லி நிறுத்தலாம்.

15. கப்பல் நேரம் தனி. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் மொபைல் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் மணி ஐந்து. உங்கள் கையில் நான்கு. கடைத்தெருவில் நிதானமாகப் பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள், கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்த்தான் பிடிக்க வேண்டும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அன்றைய நிகழ்ச்சித்தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும். அதையும் "திரும்பி ஏற வேண்டிய நேரம்" எழுதிய வரியையும் போட்டோ எடுங்கள். பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கட்டும்.

16. பினாங்கில் கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் அதுவே ஜார்ஜ் டவுன். 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டி நடந்தால் லிட்டில் இந்தியா. அங்கே குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் கப்பல் வரும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

17. கப்பல் போர்ட் கிளாங்கில் நின்றால் சேதி வேறு. அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலை இன்னும் தள்ளி. நெரிசலை நம்ப முடியாது. இங்கே கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே போங்கள். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் பொறுத்திருக்கும்.

18. புக்கெட்டில் பட்டாங் கரைக்கு வரும் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, டெண்டர் எனும் சிறு படகில் ஆட்களை இறக்கும். ஆடும் படகில் கால் வைத்து ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களை அலையைப் பொறுத்து மறுத்துவிடுவார்கள். கடல் மோசமாக இருந்தால் கேப்டன் அந்த ஊரையே ரத்து செய்யலாம், அதற்கு ஒப்பந்தத்தில் இடமுண்டு. அதனால் கரையில் முன்பணம் கட்டி எதையும் பதிவு செய்யாதீர்கள்.

19. பால்கனிக் கதவையும் அறைக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். காற்று இழுத்துக் கனமான கதவைப் படாரென்று சாத்தும். குழந்தையின் விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான். பால்கனி நாற்காலிகளைக் கம்பியை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

20. உள்ளே ஏ.சி. குளிர் அதிகம், ஆளுக்கொரு சால்வை அல்லது ஸ்வெட்டர். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் ஈரத்துணி மாட்டலாம்.

21. கப்பல் டாக்டருக்கு டாலரில் கட்டணம். கடல் பயணத்தையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்வதையும் உள்ளடக்கிய இன்சூரன்ஸ் எடுங்கள். 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

22. சிங்கப்பூர் சுங்கத்தில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. இ-சிகரெட்டுக்கு அடியோடு தடை. கப்பல் கடையில் வாங்கினோம் என்ற பேச்சு எடுபடாது.

23. கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய உடை, செருப்பு, காலை மாத்திரை, பாஸ்போர்ட் இவற்றை எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். இறங்கும்போது சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முந்தின நாளே கவுண்டரில் பெயர் கொடுத்துவிடுங்கள். காலையில் கேட்டால் வரிசை நீண்டிருக்கும்.