காட்டிற்கும் ஒரு சேமநிதி

சங்கத்தின் நிகர லாபம் முழுவதையும் நாம் பங்கு ஆதாயமாகப் பிரித்துக்கொள்வதில்லை. ஒரு பகுதியைச் சட்டப்படி சேமநிதிக்கு ஒதுக்குகிறோம். அந்நிதியின் கணக்கை மகாசபையில் வினவ ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. நம் தேசத்தின் காடுகளுக்கும் இத்தகைய நிதியொன்று இருப்பதைப் பலர் அறியார். உழவரும் நெசவாளரும் இதனை அறிதல் அவசியம். வயலுக்கும் சாயத் தொட்டிக்கும் வரும் நீரில் பெரும்பகுதி மலைக்காட்டில் பிறப்பதன்றோ?

அணை, சுரங்கம், சாலை முதலியவற்றுக்குக் காட்டு நிலம் வேண்டுமாயின், 1980-இல் இயற்றப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசாங்கத்தின் முன் அனுமதி பெற வேண்டும். நிலத்தைப் பெறுவோர் முக்கியமாக இருவகைத் தொகை செலுத்துவர். ஒன்று, அழியும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் வளர்க்கும் செலவு. மற்றொன்று, அக்காடு நின்றிருந்தால் பல்லாண்டுகள் அளித்திருக்கக்கூடிய நீர், மண்காப்பு, விறகு முதலிய பயன்களின் இன்றைய மதிப்பு.

இத்தொகைகளைத் தனி நிதியாக வைக்குமாறு சுப்ரீம் கோர்ட்டு 2002-இல் கட்டளையிட்டது. 2006-இல் தற்காலிக அமைப்பொன்று ஏற்பட்டது. நிலையான சட்டமோ 2016-இல்தான் இயற்றப்பட்டு, 2018-இல் அமலுக்கு வந்தது.

இடைக்காலத்தில் பணம் வளர்ந்தது, காடு வளர்ந்ததா? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை விடை கூறுகிறது. 2006 முதல் 2012 வரை ஈடாக வர வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். வந்து சேர்ந்தது 28,086 ஹெக்டேர். அதிலும் மரம் வைக்கப்பட்டது 7,280 ஹெக்டேரில் மட்டுமே. வர வேண்டிய நிலத்தில் இது நூற்றுக்கு ஏழு பங்காகும். பேரேட்டில் வரவு நிறைந்திருந்தும் சரக்கறை வெறிதாயிருக்கும் சங்கத்தை இது ஒக்கும்.

இப்போதைய சட்டப்படி, நிதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாநிலத்துக்கும், பத்துப் பங்கு தேசிய நிதிக்கும் உரியன. 2019-இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. ஆண்டிறுதியில் செலவாகாத பணம் காலாவதியாவதில்லை. இது நன்மையே, ஆயினும், கேட்பாரில்லையேல் பணம் உறங்குவதற்கும் இதுவே வழியாகும்.

கேட்க வேண்டியவர் யார்? காடழிவுக்கு ஈடாகப் பெறும் மதிப்புத் தொகையைச் செலவிடும் பணிகளைக் கிராமசபையையோ, கிராம வன நிர்வாகக் குழுவையோ கலந்து திட்டமிட வேண்டுமென 2018-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆதலின், காட்டோரத்துச் சங்கங்களின் அங்கத்தினர்கள் கிராமசபையில் மூன்று கேள்விகளை எழுப்புவாராக: நம் பகுதிக்கு வந்த தொகை எவ்வளவு? எவ்விடத்தில், என்ன மரங்கள் நடப்பட்டன? அவற்றுள் இன்று உயிரோடிருப்பன எத்தனை? விடை கிடைக்காவிடின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்து மூலம் கேட்கலாம்.

மூன்றாம் கேள்வியே முதன்மையானது. நட்ட கன்று செலவுக் கணக்கில் ஏறிவிடும். பிழைத்த கன்றே காடாகும். சேமநிதி காப்பது பணத்தை மட்டுமே. அப்பணம் எதற்காகச் சேர்ந்ததோ அதனைக் காப்பது அங்கத்தினரின் விழிப்பேயாகும்.