அரிசி டிரம்மில் ஓர் இரகசியம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் தாய்மார்களுக்குப் பலகாரக் கவலை ஒன்று, பணக் கவலை ஒன்று. இவற்றோடு மூன்றாவதாக வேறொரு கவலையும் வந்து சேர்கிறது. திருநாளுக்கென்று பிள்ளைகளுக்கு வாங்கிய பொருளைத் திருநாள் வரையில் அவர்கள் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பதே அது. நாலு அறையும் பூட்டுப் போட்ட அலமாரியும் உள்ளவர்களுக்கு இது ஒரு விஷயமே அன்று. வண்ணாரப்பேட்டையில் நம்மில் பலருக்கு வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும் சண்டையிடுவதும் அதே அறையில். பரண்மேல் எத்தனை பாத்திரம் இருக்கிறது, டிரங்குப் பெட்டியின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதெல்லாம் வீட்டு எஜமானியைவிட ஏழு வயதுப் பையனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வாரம் இதையே நம் பாடமாக எடுத்துக்கொள்வோம். அற்பக் காரியம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு பொட்டலத்தை ஒளிக்கப் போய், அந்த வீட்டில் அதைவிடப் பெரியதொன்று தொலைந்துபோனதை நாம் அறிவோம்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். துணியால் பெயர் பெற்றது நம் பேட்டை. கும்பினியார் காலத்தில் அவர்கள் வியாபாரத்துக்கான துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. இன்றைக்கும் பட்டணத்தின் பல பாகங்களிலிருந்து துணி எடுக்க எம்.சி. ரோட்டுக்குத்தான் வருகிறார்கள். ஆகவே நம் வீடுகளில் திருநாள் பரிசு என்றால் முதலில் புதுத்துணி. பொம்மையும் மற்றதும் அதற்குப் பிறகே. துணியை ஒளிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுத்தனுப்பிய அன்றே, கொடியில் அந்தச் சட்டையைக் காணோம் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். ரெடிமேட் வந்தபின் அளவுச் சட்டைக்கு வேலை குறைந்தது. ஆனால் செல்போன் வந்து சேர்ந்தது. தாயின் போனில் பாடம் படிக்கும் சிறுமிக்கு, இன்ன கடையிலிருந்து இன்ன பொருள் இன்று மாலை வந்து சேரும் என்ற செய்தி தாய்க்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கொரியர்காரர் வாசலில் நின்று பொருளின் பெயரையும் சேர்த்துக் கூவினால் மிச்சமும் தீர்ந்தது.

இனி நாம் அறிந்த அந்த வீட்டுக்கு வருவோம். தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். ஒன்பது வயதில் ஒரு மகன், ஆறு வயதில் ஒரு மகள். பையன் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டரிக் கார் ஒன்றைச் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தாய் வாங்கிவந்தாள். அரிசி டிரம்மின் அடியில் பையோடு புதைத்து வைத்தாள். நல்ல இடந்தான். ஆனால் அவள் புதைக்கும்போது பையன் உள்ளே வந்துவிட்டான். "அம்மா, அது என்ன?" என்றான். "ஒன்றுமில்லை, போ" என்றாள். மறுநாள் கேட்டான், மறுநாளும் ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். நாலாம் நாள் அரிசி அளக்கக் கை விட்டபோது பையின் முடிச்சு வேறு விதமாக இருந்தது. தாய் தகப்பனிடம் சொன்னாள். தகப்பனார் இடுப்பு வாரைக் கையில் எடுத்துக்கொண்டு, "டிரம்மைத் திறந்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றான். மறுபடி கேட்டார், இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. இராயபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. அச்சம் வந்த இரவில் அர்ச். இராயப்பரும் மூன்று தடவை அப்படித்தான் சொன்னார். அடி விழுந்தது. அப்போது மூலையில் நின்ற சிறுமி அழுதுகொண்டே, "அம்மாதான் ஒன்றுமில்லை என்று சொன்னாங்க, அதான் அவன் பார்த்தான்" என்றாள்.

திருநாளன்று அந்தக் காரைப் பையன் தொடவில்லை. சாயங்காலம்வரை அது பெட்டியிலேயே கிடந்தது.

இதில் யார் குற்றவாளி என்று கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலோர் பையன் என்றே சொல்வார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படியே சொல்லியிருப்போம். ஆனால் இவ்விஷயத்தைக் கற்றோர் வெகு காலமாகப் பரிசோதித்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் லூயிஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1989-ம் வருஷத்தில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மூன்று வயதை ஒட்டிய 33 பிள்ளைகளின் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள். 29 பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்! ஆக, எட்டிப் பார்ப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்த கெட்ட குணம் என்று எண்ணி வருந்தவேண்டாம். அந்த வயதில் கண்ணும் கையும் மனதுக்கு முன்னே ஓடுகின்றன.

நம் பாடத்துக்கு மிகவும் பொருந்துவது 2014-ம் வருஷத்தில் வெளிவந்தது. சான் டியேகோவில் உள்ள காலிஃபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த செல்சீ ஹேஸ், லெஸ்லி கார்வர் என்ற இருவர், 3 முதல் 7 வயது வரையுள்ள 186 பிள்ளைகளைக் கொண்டு அதை நடத்தினார்கள். ஒரு சாராரிடம், அடுத்த அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போய், பிறகு மிட்டாய் ஏதும் இல்லை, உன்னை விளையாட அழைக்கவே அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அதன்பின் எல்லாப் பிள்ளைகளையும், முதுகுக்குப் பின்னால் உள்ள பொம்மையைச் சத்தத்தைக் கொண்டே கண்டுபிடிக்கச் சொல்லி, பார்க்காதே என்று எச்சரித்துத் தனியே விட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில், பொய் கேளாதவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களிலும் சுமார் 60 பேரே பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். பொய் கேட்டவர்களிலோ ஏறக்குறைய 80 பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் பொய் சொன்னார்கள். அதுவரை முன்பின் அறியாத ஒருவர் மிட்டாயைப் பற்றிச் சொன்ன சின்னஞ்சிறு பொய் இவ்வளவு செய்தது. பெற்ற தாய் இரண்டு நாள் சொன்ன "ஒன்றுமில்லை" எவ்வளவு செய்யும்?

அடுத்தது அந்த இடுப்பு வாரைப் பற்றியது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மகில் சர்வகலாசாலையில் விக்டோரியா தல்வார் என்ற அம்மையார், 4 முதல் 8 வயது வரையுள்ள 372 பிள்ளைகளை இதே விதமாகப் பரிசோதித்தார். மூன்றில் இரண்டு பங்கினர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பொய் சொன்னார்கள். தண்டனை உண்டு என்று பயந்த பிள்ளைகளிடமிருந்து உண்மை குறைவாகவே வந்தது. உண்மை சொன்னால் எனக்குச் சந்தோஷமாயிருக்கும், அல்லது உண்மை சொல்வதே சரி என்று எடுத்துச் சொல்லப்பட்ட பிள்ளைகளிடமிருந்து அதிகமாக வந்தது. வாரைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைக் கேட்பது, கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுவது போலத்தான்.

ஆனால் பெற்றோர்களே, இதனால் எதையுமே ஒளிக்கக் கூடாது என்று பொருளன்று. இரகசியம் வேறு, பொய் வேறு. "அது என்ன?" என்று பிள்ளை கேட்டால், "அது இரகசியம், 25-ந் தேதி தெரியும்" என்று தாய் சொல்லட்டும். அவள் உண்மையையே சொன்னாள். பொட்டலமும் மறைந்தே இருக்கிறது. பிள்ளைக்கு ஆவல் குறையாது, கூடவே செய்யும். கூடினால் என்ன? அந்தப் பத்து நாள் ஆவலே பரிசில் பாதி அல்லவா? "ஒன்றுமில்லை" என்று கேட்ட பிள்ளையோ, தன் கண் பொய்யா தாய் பொய்யா என்று சோதித்துப் பார்க்கவே டிரம்மைத் திறக்கிறது.

முடிச்சு அவிழ்ந்திருப்பதைக் கண்டுவிட்டீர்களா? தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் கேட்காதீர்கள். "திறந்தாயா?" என்று கேட்பது வலை விரிப்பதாகும். "நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் 25-ந் தேதி உன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்" என்று சொன்னால் போதும். பையனுக்கு அது அடியைவிட ஆழமாகப் போகும். தங்கையிடம் சொல்லாதே என்று அவனையும் இரகசியத்தில் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காவற்காரன் வேலை கொடுத்தால் திருடன் வேலை மறந்துவிடும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி என்ன சொல்வது என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை விளையாட்டாகக் கேட்டால் விளையாட்டாகப் பதில் சொல்லலாம். உண்மையறிய வேண்டி முகத்தைப் பார்த்துக் கேட்கும் நாளில் அர்ச். நிக்கோலாஸின் கதையைச் சொல்லுங்கள். இன்று துருக்கி தேசத்தில் உள்ள மீரா என்னும் ஊரில் நாலாம் நூற்றாண்டில் மேற்றிராணியாராக இருந்தவர் அவர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. மூன்று பெண் மக்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒருவரின் வீட்டில், இரவில் யாரும் அறியாமல் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் பொருளை ஒளிக்கவில்லை, தம்மையே ஒளித்துக்கொண்டார். வாங்குகிற ஏழை கூசிப்போகக் கூடாதே என்பதற்காக. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம் இருக்கும் நம் வீடுகளில் இந்தக் கூச்சத்தை நினைத்துப் பார்க்க நியாயம் உண்டு. நம் பிள்ளைக்கு வாங்கியதை, வேலை இழந்து நிற்கும் அடுத்த வீட்டுக்காரரின் பிள்ளை காண முற்றத்தில் பிரிக்கவேண்டாம்.

சரி, எங்கேதான் வைப்பது? நம்பிக்கையான ஓர் அக்காள் வீடோ அத்தை வீடோ இருந்தால் அதுவே உத்தமம். மாற்றாக அவர்கள் பொட்டலம் நம் வீட்டில் இருக்கட்டும். அவர்கள் பொருளை நம் பிள்ளை கண்டாலும் நஷ்டமில்லை. கட்டிலின் அடியில், தரையில் வைக்காதீர்கள். டிசம்பரில் மழை இன்னும் போயிருக்காது. 2015-ல் பெருவெள்ளம் வந்ததும் டிசம்பர். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்து வட சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் டிசம்பர். பரண் நல்லதுதான், எலி இல்லாவிட்டால். ஆனால் நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறக்கூடிய பிள்ளை இருந்தால், பரணில் பொட்டலம் இருப்பது அதன் காதுக்கு எட்டவே கூடாது. காரைவிடக் கை எலும்பு விலை கூடுதல்.

புதுத்துணியை அந்துருண்டை போட்ட பெட்டியில் வைக்கிற வழக்கம் உண்டு. பரிசைத் தேடிப் பெட்டியைக் குடையும் சிறு குழந்தைக்கு அந்த வெள்ளை உருண்டை மிட்டாயாகத் தோன்றும். தின்றால் அது விஷம். ஜி-6-பி-டி என்னும் சத்துக் குறைவோடு பிறந்த குழந்தைகளுக்கோ, அந்த வாடை ஏறிய துணியைத் துவைக்காமல் உடுத்தினாலும் இரத்தம் கெட்டு மஞ்சள் காணக்கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை விலக்கிவிடுவதே நலம்.

இன்னொன்று. பாடும் பொம்மைகளிலும் மின்னும் நட்சத்திரங்களிலும் சட்டைப் பொத்தானைப் போன்ற சிறு பாட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழல் வெந்துபோகும். வாந்தி எடுக்கச் செய்யாமல், நாளைக்குப் பார்க்கலாம் என்றிராமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பொம்மையை ஒளிக்குமுன் பாட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் துறைமுகத்தார் வீட்டில் மறு வருஷம் டிரம்மைத் தேடிப் போகவில்லை. தாய் இரண்டு பொட்டலங்களைப் பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி, மேலே பிள்ளைகளின் பெயரையும் தேதியையும் எழுதி, எல்லோருக்கும் தெரிய பீரோவின்மேல் வைத்துவிட்டாள். தொடலாம், ஆட்டிப் பார்க்கலாம், பிரிக்கக் கூடாது என்பது சட்டம். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் அதைக் காதருகே வைத்து ஆட்டினான். பென்சில் பெட்டி என்று தங்கையிடம் பந்தயம் கட்டினான். அவள் இல்லை என்றாள். நடுச்சாமப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பிரித்தபோது பந்தயத்தில் அவனே தோற்றான்.