உப்பா, ஃப்ரிட்ஜா, டாக்டரா? புது ஆக்சலாட்டல் சுணங்கினால்

வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பிட மறுக்கிறது. செவுள்கள் முன்பக்கமாக மடிந்து கிடக்கின்றன, வால் நுனி கொக்கி போட்டிருக்கிறது. மீன் கடைக்காரரைக் கேட்டால், “கல்லுப்பு போடுங்க சார், சரியாயிடும்” என்கிறார். யூடியூப்பில் ஒருவர் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் டீ பையை முக்கச் சொல்கிறார். கடையில் ஒரு நீல மருந்து பாட்டிலையும் கையில் திணித்து அனுப்பியாயிற்று. இவற்றில் எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது என்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு விலங்குக்கு உதவியிருக்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பதற்கு எது, எந்த வரிசையில் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைகளில் ‘வாக்கிங் ஃபிஷ்’ என்று சொல்லி விற்றாலும் ஆக்சலாட்டல் மீன் அல்ல. தவளைக்கு உறவான நீர்நில வாழ்வி. செவுளாலும் தோலாலும் மூச்சு விடும், அவ்வப்போது மேலே வந்து நுரையீரலுக்கும் ஒரு மடக்குக் காற்று வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் கலந்த எதுவும் அந்தத் தோல் வழியே உள்ளே போய்விடும், மருந்து உட்பட. இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள். கடல் மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரம், ஆண்டு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர். அங்கே இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. வீட்டுத் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் 1860-களில் பாரிசுக்குப் போன சில டஜன் விலங்குகளின் வம்சம், ஆய்வகங்கள் வழியாகப் பரவியவை. 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் வந்த பிறகு குழந்தைகள் கேட்காத வீடில்லை.

முதல் கேள்வி: விலங்கா, தண்ணீரா?

புதிதாக வந்த ஆக்சலாட்டல் சுணங்கினால், பெரும்பாலும் நோய் தண்ணீரில் இருக்கிறது. தொட்டி, ஃபில்டர், விலங்கு மூன்றையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் தண்ணீர் ஊற்றி விட்டிருப்போம். விலங்கின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 4 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், உள்ளே இருக்கும் விலங்கின் செவுள் வெந்துகொண்டிருக்கும். வெப்பமும் காரத்தன்மையும் ஏற ஏற அதே அளவு அமோனியாவின் விஷம் கூடும். போர் தண்ணீர் ஊற்றிய, ஏ.சி. இல்லாத அறையில் இது இரட்டை அடி.

ஆகவே எந்த மருந்துக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு டெஸ்ட் கிட்டும் ஒரு தெர்மாமீட்டரும். கிட்டில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் முக்கி எடுக்கும் காகிதப் பட்டை மலிவு, வேகம். ஆனால் பல பட்டைகளில் அமோனியா கட்டமே இருக்காது, நமக்கு முதலில் வேண்டியதே அதுதான். சொட்டு மருந்து கிட் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள், வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். இதுதான் இலக்கு. 20-ஐத் தாண்டினால் சுணக்கம், 24-ஐத் தாண்டினால் ஆபத்து.

கிட் காட்டும் எண்ணை வைத்துத்தான் முதல் முடிவு. அமோனியாவும் நைட்ரைட்டும் 0, வெப்பமும் சரி என்றால் விலங்கை எடுக்காதீர்கள். ஊர் மாறிய களைப்பாக இருக்கலாம். விளக்கை அணையுங்கள், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டோ கவிழ்த்த மண்சட்டியோ வையுங்கள், ஃபில்டரின் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீர் ஓட்டம் பலமாக இருந்தாலே செவுள் முன்னால் மடியும். வளர்ந்த ஆக்சலாட்டல் ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. சுண்டுவிரல் நீளக் குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது, அதற்குத் தினமும் தீனி வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொறுக்க வேண்டாம்.

அமோனியாவோ நைட்ரைட்டோ கொஞ்சம் தெரிந்தாலும், தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றிச் சமாளிப்பதைவிட விலங்கை டப்புக்கு மாற்றுவதே மேல்.

டப்பில் வைப்பது

வளர்ப்பவர்களின் கைவசம் உள்ள சிகிச்சைகளில் இதுதான் மலிவு, இதற்குத்தான் பலனும் அதிகம். உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் 8–10 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்குங்கள். சோப்பே படாதவையாக இருக்கட்டும். ஒன்றில் விலங்கு, மற்றொன்றில் நாளைக்கான தண்ணீர் அதே அறையில், அதே வெப்பத்துக்கு வந்துகொண்டிருக்கும். தினமும் ஒருமுறை முழுத் தண்ணீரும் மாற வேண்டும். மாற்றும்போது வலை வேண்டாம். செவுள் இழைகளும் விரல்களும் நூலில் மாட்டிக்கொள்ளும். சின்னக் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, வாலுக்குப் பின்னால் விரலை மெல்ல அசைத்தால் அதுவே உள்ளே நகரும். கிண்ணத்தோடு தூக்கிப் புது டப்பில் இறக்கிவிட்டால் போதும். ஃபில்டர் வேண்டாம், மணல் வேண்டாம், மேலே ஒரு கறுப்புத் துணி.

எந்தத் தண்ணீர்? கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் சுத்தமானவை என்று அதைத்தான் பலர் ஊற்றுகிறார்கள். ஆக்சலாட்டலுக்கு ஓரளவு கடினத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். தாதுக்களை வடித்தெடுத்த தண்ணீரில் அதன் உடம்பு உப்புகளை இழக்கும். ஆய்வகங்களில் இதற்காகவே தண்ணீரில் உப்புகளை அளந்து கலக்கிறார்கள். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சேர்த்துப் பயன்படுத்துவதே எளிது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோராமின் பறக்காது. அதனால் ஆன்ட்டி குளோரின் சேர்க்க மறக்காதீர்கள், கற்றாழை கலந்ததை மட்டும் தவிருங்கள். போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபாதி கலக்கலாம்.

குளிர்ச்சிக்கு என்ன வழி?

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்ற ஊர்களில் பாதிப் பிரச்சினை இதுதான்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலால் 2–3 டிகிரி இறங்கும். காற்றே ஈரமாக இருக்கும் சென்னையில் அதுவும் குறையும். அறை 32 டிகிரி என்றால் தண்ணீர் 29-இல் நிற்கும். இந்த விலங்குக்கு அது அடுப்புதான். ஏ.சி. அறை இரவு மட்டும் ஓடினால், பகலில் ஏறி இரவில் இறங்கும் ஊசலாட்டமே ஒரு தொந்தரவு. நிரந்தரத் தீர்வு சில்லர்தான். விலங்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும், மின் கட்டணம் தனி. வாங்க வழியில்லை என்றால் சமவெளியில் ஆக்சலாட்டல் வளர்ப்பதே நியாயமில்லை என்பது என் கட்சி. கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சில்லர் வரும்வரை டப்புக்கு நான் நம்புவது தெர்மோகோல் பெட்டி. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் பெட்டி கிடைத்தால் நன்றாகக் கழுவி டப்பை அதற்குள் இறக்குங்கள். டப்புக்கும் பெட்டிக்கும் நடுவே தண்ணீரை உறைய வைத்த பாட்டில்களைச் சொருகி, மூடியைக் காற்றுப் போகும்படி கொஞ்சம் திறந்து வைத்தால் பல மணி நேரம் குளிர் நிற்கும். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடக் கூடாது. 28 டிகிரியிலிருந்து 17-க்கு ஒரே மூச்சில் இறக்கவும் கூடாது, சில மணி நேரத்துக்கு 2–3 டிகிரி என்று இறங்கட்டும்.

பஞ்சு போல ஒட்டியிருந்தால்

டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். செவுள் இழைகளின் நுனியில் வெள்ளைப் பஞ்சுப் பிசிறு, தண்ணீர் அசையும்போது அதுவும் அசைகிறது என்றால் பூஞ்சை. தோலிலிருந்து மெல்லிய சவ்வு போல உரிந்தால் அது பூஞ்சை இல்லை, அமோனியாவில் கோழைப் படலம் கழன்று வருகிறது. பின்னதற்கு டப் மட்டுமே மருந்து.

பூஞ்சைக்குக் குளிர்ந்த டப்போடு முதலில் சேர்க்க வேண்டியது பாதாம் இலை. தெருவோரத்தில் நிற்கும் நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்து விழுந்த இலைதான். சென்னை கொளத்தூரில் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்களின் டப்பாக்களிலும் இதுதான் மிதக்கும். கழுவி, கொதிக்க வைத்து, ஆறிய சாற்றை டப் தண்ணீர் வெளிர் தேநீர் நிறமாகும்வரை சேர்க்கலாம். இலை கிடைக்காவிட்டால் வாசனையோ மசாலாவோ சேராத கறுப்பு டீ பை, 10 லிட்டருக்கு ஒன்று. இரண்டிலும் வேலை செய்வது டானின்தான். வேகம் குறைவு, தீங்கும் குறைவு. சின்னப் பிசிறு என்றால் இதிலேயே போய்விடும்.

மூன்று நான்கு நாளில் குறையாமல் பரவினால் மெத்திலீன் ப்ளூ, அந்த நீல மருந்து. பாட்டிலில் மீனுக்குப் போட்டிருக்கும் அளவில் பாதி, டப்பில் மட்டும், தினமும் புதுத் தண்ணீரோடு புதிதாக. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்து, பழைய கதை முதலிலிருந்து தொடங்கும். மாலக்கைட் கிரீன், தாமிரம், ஃபார்மலின் கலந்தவை எந்த அளவிலும் வேண்டாம்.

உப்பை நான் கடைசியில் வைக்கிறேன். பழைய வழிகாட்டிகளில் அயோடின் சேராத உப்பு லிட்டருக்கு 2–3 டீஸ்பூன், 10 நிமிடம், மிஞ்சிப்போனால் 15 என்று இருக்கும். பூஞ்சையைக் கொல்லும்தான். கூடவே தோலின் கோழையையும் செவுள் நுனிகளையும் அரிக்கும், ஏற்கெனவே அமோனியாவில் வெந்த தோல் என்றால் சொல்லவே வேண்டாம். தொட்டியில் ஒரு கைப்பிடி கல்லுப்பு என்பது மீனுக்குச் சொல்லும் வைத்தியம்.

மிதந்தால் ஃப்ரிட்ஜா?

வயிறு உப்பி, பின்பாகம் மேலே தூக்கி மிதந்தால் காற்றை விழுங்கியிருக்கும், இல்லை மலச்சிக்கல். ஆக்சலாட்டல் வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும், எதிரே கூழாங்கல் இருந்தால் அதையும் சேர்த்து. தொட்டியில் கல் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். டப்பில் தண்ணீரைக் கொஞ்சமாக வைத்து, தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்திக் காத்திருப்பது முதல் வழி. பெரும்பாலும் கரும்பழுப்பில் ஒரு கட்டி வெளியே வந்து கதை முடியும்.

ஃப்ரிட்ஜில் 5–8 டிகிரியில் வைக்கும் முறை ஒரு காலத்தில் எல்லா நோய்க்கும் சொல்லப்பட்டது. குளிரில் கிருமியின் வளர்ச்சி மந்தப்படுவது உண்மை, விலங்கின் எதிர்ப்புச் சக்தியும் கூடவே மந்தப்படும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்றும் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் வெளிச்சமும் அதிர்வும். தோசை மாவுக்குப் பக்கத்தில் இதை வைக்க வீட்டில் ஒப்புவார்களா என்பது வேறு. மருத்துவர் சொன்னால் ஒழிய இந்த வழிக்குப் போக வேண்டாம். 16 டிகிரியே போதுமான குளிர்.

எப்போது மருத்துவர்?

வயிற்றிலும் கால்களிலும் சிவப்புத் திட்டு, ஆறாத புண், நீர் கோத்த வீக்கம், மல்லாந்து கிடந்து நிமிர முடியாமை, விழுங்கியதை மறுபடி மறுபடி கக்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாதீர்கள். சிவப்புத் திட்டு ரத்தத்தில் பரவிய பாக்டீரியாவாக இருக்கக்கூடும், அதற்கு ஊசி மருந்து வேண்டும். மீன் கடை ஆன்ட்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைப்பது அளவு தெரியாத குருட்டு வைத்தியம். விரலோ காலோ கடிபட்டுப் போனது அவசரமில்லை. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அது மறுபடி முளைக்கும், கடித்ததை மட்டும் பிரித்து வையுங்கள்.

நாய், பூனை பார்க்கும் மருத்துவர்களில் பலர் இந்த விலங்கைத் தொட்டிருக்க மாட்டார்கள். பறவை, ஆமை பார்ப்பவரை விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், கிட்டில் வந்த எண்கள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும். வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். இது வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம், வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இத்தகையவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிய வேண்டும்.

கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். அந்தத் தொட்டியின் வெப்பத்தை முதலில் தெர்மாமீட்டரில் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் டப்பே மேல்.

டப்பில் தெம்பு வந்து, மண்புழுவை நீட்டினால் தலையைத் திருப்பிக் கவ்வும் நிலைக்கு வந்த பிறகும் தொட்டிக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். வாரக்கணக்கில் டப்பிலேயே வைத்திருக்கலாம். காலித் தொட்டியில் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்க, 2 பிபிஎம் அளவுக்கு அமோனியா சொட்டுவிட்டு 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று காட்டி, நைட்ரேட் ஏறியிருந்தால் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி, 18 டிகிரிக்குக் குளிரவிட்டு உள்ளே விடலாம். 0 வராவிட்டால் டப் இன்னும் ஒரு வாரம் தொடரட்டும்.