கிரகங்கள் ஒரே வரிசையில் வருகின்றனவா? கம்ப்யூட்டரில் நீங்களே பாருங்கள்!

'இன்று இரவு கிரகங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. வெளியே வராதீர்கள். பத்து பேருக்கு அனுப்புங்கள்.' இப்படி ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். கூடவே, கிரகங்கள் மணி மாலைபோல வரிசையாக நிற்கும் ஒரு படமும் இருக்கும். இது உண்மையா, பொய்யா என்று யாரிடம் கேட்பது?

யாரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே பதில் சொல்லும். காலணா செலவில்லை. எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். மவுஸை கிளிக் செய்யவும், கீபோர்டில் டைப் செய்யவும் தெரிந்தால் போதும்.

என்ன சாப்ட்வேர் தேவை?

நமக்குத் தேவையான சாப்ட்வேரின் பெயர் ஸ்டெல்லாரியம். பிரான்ஸைச் சேர்ந்த புரோகிராமர் பாபியன் செரோ தொடங்கிய இலவச சாப்ட்வேர் இது. இதன் சோர்ஸ் கோடும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பல நாட்டுப் புரோகிராமர்கள் சேர்ந்து வளர்த்து, 2022 அக்டோபரில் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பிரவுசரில் ஸ்டெல்லாரியம் டாட் ஓ.ஆர்.ஜி. என்ற தளத்துக்குச் செல்லுங்கள். உங்கள் சிஸ்டத்துக்கு உரிய படத்தை கிளிக் செய்தால் டவுன்லோடு தொடங்கும். பைல் சில நூறு எம்.பி. இருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். டவுன்லோடு ஆன பைலை டபுள் கிளிக் செய்து, கேட்கும் கேள்விகளுக்கு 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே வந்தால் இன்ஸ்டால் ஆகிவிடும். வேறு தளங்களில் இதே பெயரில் கிடைக்கும் பைல்களைத் தொடாதீர்கள். வைரஸ் ஒட்டிக்கொண்டு வரலாம்.

முதலில் இடம், அடுத்து நேரம்

புரோகிராமைத் திறந்தால் புல்வெளியும் வானமும் தெரியும். முதல் வேலை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குச் சொல்வது. எப்6 கீயை அழுத்துங்கள். வரும் விண்டோவில் உங்கள் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து, பட்டியலில் தேர்வு செய்யுங்கள். சிற்றூராக இருந்தால் பக்கத்துப் பெரிய ஊரைக் கொடுத்தால் போதும். 'யூஸ் கரன்ட் லொகேஷன் ஆஸ் டிபால்ட்' என்ற வாய்ப்பையும் கிளிக் செய்துவிட்டால், அடுத்த முறை கேட்காது.

அடுத்து எப்5. இது தேதி, நேர விண்டோ. வருடம், மாதம், நாள், மணி ஒவ்வொன்றையும் மேலும் கீழும் உள்ள சிறு அம்புக்குறிகளால் மாற்றலாம். ஒரு கிரகத்தைத் தேட எப்3 அழுத்தி, அதன் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திரை அந்தக் கிரகத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினால் அருகிலோ தொலைவிலோ பார்க்கலாம்.

சாப்ட்வேரை நம்பலாமா?

நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எந்தப் புரோகிராமையும் டெஸ்ட் செய்யாமல் நம்பமாட்டேன். விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

2019 டிசம்பர் 26 காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. பலரும் உரிய கண்ணாடி அணிந்து பார்த்தார்கள். எப்6ல் கோயம்புத்தூரையும், எப்5ல் அந்தத் தேதியையும் காலை 9.30 மணியையும் கொடுங்கள். எப்3ல் சூரியனைத் தேடி அருகில் சென்று பாருங்கள். சந்திரனைச் சுற்றி நெருப்பு வளையம் தெரியும். புரோகிராம் பாஸ்!

கிரகங்களின் இடத்தை இது பார்த்துச் சொல்வதில்லை, கணக்கிட்டுச் சொல்கிறது. 1987ல் பாரிஸ் வானியலாளர்கள் வெளியிட்ட வி.எஸ்.ஓ.பி.87 என்ற கணக்கு முறை இதன் உள்ளே இருக்கிறது. தேதியைக் கொடுத்தால் இடம் கிடைக்கும். அது நேற்றாக இருந்தாலும் ஒன்றுதான், நூறு வருடத்துக்கு முன்பாக இருந்தாலும் ஒன்றுதான்.

வரிசை எங்கிருந்து வருகிறது?

இப்போது உங்கள் ஊருக்குத் திரும்பி, 2025 பிப்ரவரி 28, மாலை 6.45 என்று கொடுங்கள். ஏழு கிரகங்கள் ஒரே வரிசையில் வருவதாக உலகமெங்கும் பேசப்பட்ட நாள் அது. மேற்கில் வெள்ளி பளிச்சென்று இருக்கும். அதற்கும் கீழே புதன். சனி அடிவானத்தை ஒட்டி, அந்தி வெளிச்சத்தில் மறைந்து கிடக்கும். வியாழன் ஏறக்குறைய தலைக்கு மேலே, செவ்வாய் கிழக்குப் பக்கம். யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் பைனாகுலரோ டெலஸ்கோப்போ வேண்டும். மேற்கு அடிவானம் தொடங்கி உச்சியைத் தாண்டி கிழக்கு வரை சிதறிக் கிடக்கின்றன. மணி மாலை எங்கே?

இப்போது கீபோர்டில் காற்புள்ளி கீயை அழுத்துங்கள். வானத்தின் குறுக்கே ஒரு கோடு தோன்றும். சூரியன் வருடம் முழுவதும் நகரும் பாதை இது. கிரகங்கள் எல்லாம் இந்தக் கோட்டின் மேலோ பக்கத்திலோதான் இருக்கும். தேதியை எப்படி மாற்றினாலும் அப்படித்தான். 1950ஐக் கொடுத்துப் பாருங்கள், 2050ஐக் கொடுத்துப் பாருங்கள். கோட்டை விட்டு விலகாது.

காரணம் எளிது. கிரகங்கள் சூரியனைச் சுற்றும் பாதைகள் ஏறக்குறைய ஒரே தட்டில் அமைந்தவை. அதிகம் சாய்ந்திருக்கும் புதனின் பாதைகூட 7 டிகிரிதான் சாய்வு. தட்டுக்குள்ளேயே ஒரு கிரகத்தில் நின்று மற்றவற்றைப் பார்க்கிறோம். தட்டை விளிம்பிலிருந்து பார்த்தால் கோடாகத்தானே தெரியும்? எனவே 'கிரகங்கள் வரிசையில் வருகின்றன' என்பது செய்தியே அல்ல. அவை என்றும் வரிசையில்தான் இருக்கின்றன. சில நாட்களில் நம் கண்ணுக்கு ஒரே நேரத்தில் அதிகம் பேர் அகப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒட்டி நின்ற குருவும் சனியும்

வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம் ஆகிறது. சனிக்கு ஏறக்குறைய 29 1/2 வருடம். வட்டத்தை 12 ராசிகளாகப் பங்கிட்டால், ஒரு ராசியைக் கடக்க வியாழனுக்கு ஒரு வருடம், சனிக்கு இரண்டரை வருடம். குருப்பெயர்ச்சி வருடந்தோறும் வருவதும், சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வருவதும் இதனால்தான். வேகமாகப் போகும் வியாழன், மெதுவாகப் போகும் சனியை சுமார் 20 வருடத்துக்கு ஒருமுறை தாண்டிச் செல்லும்.

2020 டிசம்பர் 21, மாலை 6.30ஐக் கொடுங்கள். தென்மேற்கில் பாருங்கள். வியாழனும் சனியும் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். இடைவெளி 0.1 டிகிரி; முழு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நெருக்கம் அதற்கு முன்பு 1623ல் வந்தது. அப்போது அவை சூரியனுக்கு அருகில் இருந்ததால் பார்ப்பது கடினம். எளிதாகப் பார்க்கக் கூடிய இடத்தில் வந்தது 1226ல்!

இனி வியாழனை கிளிக் செய்யுங்கள். திரையின் இடது மேல் மூலையில் அதைப் பற்றிய விவரங்கள் வரும். அதில் 'டிஸ்டன்ஸ்' என்ற வரியைப் படியுங்கள். சுமார் 89 கோடி கிலோமீட்டர். சனியை கிளிக் செய்யுங்கள். சுமார் 162 கோடி. ஒட்டி நிற்பதாகத் தெரிந்த இரண்டுக்கும் இடையே 70 கோடி கிலோமீட்டருக்கும் மேல்! தெருமுனை விளக்கும் அடுத்த ஊர்க் கோபுர விளக்கும் ஒரே திசையில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன அல்லவா? அதுதான் இது.

செவ்வாய் பின்னால் போவது எப்படி?

வக்கிரம் என்று பஞ்சாங்கத்தில் படித்திருப்பீர்கள். அதையும் பார்த்துவிடலாம். தேதியை 2024 அக்டோபர் 1, இரவு 12 மணி என்று வையுங்கள். எப்3ல் பொலக்ஸ் என்ற நட்சத்திரத்தைத் தேடுங்கள். புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் இது ஒன்று. ஜி கீயை அழுத்தித் தரையையும், ஏ கீயை அழுத்திக் காற்று மண்டலத்தையும் நீக்குங்கள். படம் சுழலாமல் இருக்க கன்ட்ரோலுடன் எம் அழுத்துங்கள்.

இனி = கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நாள் நகரும். செவ்வாய் பொலக்ஸைக் கடந்து போகும். டிசம்பர் முதல் வாரத்தில் தயங்கி நிற்கும். பிறகு திரும்பி வரும். ஜனவரியில் மறுபடி பொலக்ஸைக் கடந்து, 2025 பிப்ரவரி 24 வாக்கில் நின்று, மீண்டும் முன்னே போகத் தொடங்கும்.

செவ்வாய் உண்மையில் திரும்பவில்லை. நம் எக்ஸ்பிரஸ் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் பாசஞ்சரை முந்தும்போது, அது பின்னால் போவதுபோலத் தெரியும். பூமி எக்ஸ்பிரஸ், செவ்வாய் பாசஞ்சர்.

நாடே பயந்த நாள்

இப்போது முக்கியமான பயிற்சி. 1962 பிப்ரவரி 5, காலை 5.40. மகர ராசியில் எட்டு கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று இந்தியா முழுவதும் அச்சம் பரவி, பல ஊர்களில் யாகங்கள் நடந்த சமயம். வீட்டுப் பெரியவர்களிடம் 'அஷ்டகிரக சேர்க்கை' என்று கேட்டுப் பாருங்கள், கதை சொல்வார்கள்.

சூரியனைத் தேடுங்கள். தரையும் காற்று மண்டலமும் நீங்கியே இருக்கட்டும். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஏழும் சுமார் 16 டிகிரிக்குள் கூடியிருக்கும். சேர்க்கை உண்மைதான்! எட்டாவதான கேது திரையில் தெரியாது. அது ஒரு பொருள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளில் ஒன்று. சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிக்கு அருகில் கூடினால்தான் சூரிய கிரகணம் வரும். அன்று நியூகினியிலும் பசிபிக் கடலிலும் முழு கிரகணம் தெரிந்தது.

இப்போது ஏ கீயையும் ஜி கீயையும் மறுபடி அழுத்தி, நேரத்தைக் காலை 10 மணியாக்குங்கள். நீல வானமும் சூரியனும் மட்டும்தான் மிச்சம். நாடே பயந்த அந்தச் சேர்க்கையை இங்கிருந்து யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. வெயில் மறைத்துவிட்டது. உலகமும் அழியவில்லை. 1974ல் வெளிவந்த 'தி ஜூபிடர் எபெக்ட்' என்ற ஆங்கிலப் புத்தகம், 1982ல் கிரகங்கள் ஒரு பக்கம் கூடும்போது கலிபோர்னியாவில் பெரும் பூகம்பம் வரும் என்றது. அதுவும் வரவில்லை. கடலில் அலை ஏற்ற இறக்கம் உண்டாக்கும் இழுப்பைக் கணக்கிட்டால், நமக்கு மிக அருகில் வரும் வெள்ளியின் பங்கு சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் என் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கிரக வரிசை பற்றிய செய்தி ஒன்று போனில் வந்ததும், 'இந்த மாசம் வேண்டாம்ப்பா' என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மிகவும் மங்கியிருந்தது. லேப்டாப்பை எடுத்துப்போய் அவர் பிறந்த தேதியைக் கொடுத்தேன், காற்புள்ளி கீயை அழுத்தினேன். அவருடைய கல்யாண நாள், பேரன் பிறந்த நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லா நாளிலும் கிரகங்கள் அந்தக் கோட்டில்தான் இருந்தன. 'எப்பவும் இப்படித்தான் இருக்குமாடா?' என்றார். குறித்த நாளிலேயே ஆபரேஷன் நடந்தது. ஜாதகம் பார்ப்பது அவரவர் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வானத்தில் என்ன இருக்கிறது என்பதை யாரோ அனுப்பிய படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டிய கீகள்

எப்3 - தேட
எப்5 - தேதி, நேரம்
எப்6 - இடம்
ஏ - காற்று மண்டலம் வேண்டும் / வேண்டாம்
ஜி - தரை வேண்டும் / வேண்டாம்
காற்புள்ளி - சூரியப் பாதைக் கோடு
= மற்றும் - - ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே
8 - இன்றைய நேரத்துக்குத் திரும்ப

வீட்டுப் பாடம்

2040 செப்டம்பர் 8, மாலையில் சூரியன் மறைந்தவுடன் மேற்கு வானத்தைப் பாருங்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் 10 டிகிரிக்குள் கூடியிருக்கும், பக்கத்தில் பிறை நிலவுடன். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம்தான் 10 டிகிரி. அன்றைக்கு என்னென்ன செய்தி கிளம்புமோ தெரியாது! உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இப்போதே அந்த மாலையைத் திரையில் காட்டி வையுங்கள். அன்று அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளாமல் மொட்டை மாடிக்கு வருவார்கள்.