கப்பல் எரிபொருளும் காற்றின் தூய்மையும்

கடல்வழி வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று. ஆயின் பாய்விரித்தோடிய அக்காலக் கலங்கள் காற்றைப் பயன்படுத்தினவேயன்றி, அதனை மாசுபடுத்தினவல்ல. நிலக்கரியும் அதன்பின் எண்ணெயும் பாயின் இடத்தைப் பெற்றபோதே கேடு தொடங்கிற்று.

மசகெண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பனவற்றைப் பிரித்தெடுத்தபின், அடியில் எஞ்சும் தடித்த கரிய எண்ணெயே பெருங்கப்பல்களின் உணவாயிற்று. சூடேற்றினாலன்றி அது குழாயில் ஓடாது. மலிவு ஒன்றே அதன் சிறப்பு. மசகெண்ணெயிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடுகிறது. எரியுங்கால் அது கந்தகவீரொட்சைட்டாகி, நுண்ணிய துணிக்கைகளாகவும் திரிந்து, கரையோரத்து மக்களின் நுரையீரலை அடைகிறது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பற் பாதை நமது தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்வதாதலின், இது நமக்கு அயலார் செய்தியன்று.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி, 2012 முதல் 2019 வரை ஒரு கிலோகிராம் கப்பலெண்ணெயில் 35 கிராம் கந்தகம் வரை இருக்க இடமளிக்கப்பட்டது. 2020 சனவரி 1 முதல் அவ்வெல்லை 5 கிராம். போல்திக்குக் கடல், வடகடல் முதலிய சில கடல்களில் 2015 முதல் 1 கிராமே. நன்று. ஆயினும், ஐரோப்பிய ஒன்றியத்து வீதிகளில் ஓடும் லொறியின் டீசலுக்கு 2009 முதல் உள்ள எல்லை 10 மில்லிகிராம். மாணாக்கர் வகுத்துப் பார்ப்பாராக. வேறுபாடு 500 மடங்கு!

இவ்விதிக்குப் புறவழியும் ஒன்றுண்டு. பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கழுவும் கருவியைக் கப்பலிற் பொருத்திக்கொள்ளலாம். அவற்றுட் பெரும்பாலானவை கடல்நீரை இறைத்துக் கழுவி, அமிலங்கலந்த நீரைக் கடலிலேயே விடுகின்றன. சிங்கப்பூர்த் துறைமுகம் 2020 முதல் இதனைத் தடைசெய்தது. முற்றத்தைக் கூட்டிக் குப்பையை அயலவன் வளவுக்குள் தள்ளுவதை நம்மூரார் துப்புரவு என்று கூறுவதில்லை.

'தூய எரிபொருள்' என்னுந் தொடர் இன்று தாராளமாக வழங்குகின்றது. அடைமொழியைப் பொருளறிந்து இடுக என்று வகுப்பிற் கூறுவதை இங்கும் கூறவேண்டியுள்ளது. குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயுவிற் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் எரியாது தப்பும் மெதேன், நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டினும் 25 மடங்குக்கு மேலாகப் புவியை வெப்பமாக்கும். அமோனியாவிற் காபன் இல்லை. கசிந்தால் மாலுமியின் உயிர்க்கு ஆபத்து. மெதனோலில் ஓடவல்ல 'லோறா மேர்ஸ்க்' என்னும் கொள்கலக் கப்பலுக்கு 2023 செப்தெம்பரிற் கொப்பன்ஹேகனிற் பெயர் சூட்டப்பட்டது. மெதனோலை நிலக்கரியிலிருந்தும் ஆக்கலாம். சாணமும் பயிர்க்கழிவும் தரும் வாயுவிலிருந்தும் ஆக்கலாம். தாங்கியில் நிறைத்தபின் இரண்டும் நிறமற்ற ஒரே திரவமாதலின், வாங்குவோர் அதன் பிறப்பிடம் விசாரித்தே வாங்கவேண்டும்.